ஸ்டூலில் ஏறிய விண்ணப்பதாரர்

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

ஆறாம் வகுப்பில், முதல் பெஞ்சிலிருந்து நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். வீட்டில் அம்மா, வகுப்பில் டீச்சர் என்பது நம் ஒப்பந்தம். அதன்படி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், மேப்ல நாட்டுக்கு நாடு நடுவுல ஒரு கோடு இருக்கே, அது நேர்ல என்ன கலர்ல இருக்கும்?" என்றாய். தரையில் கோடெல்லாம் இருக்காது என்றேன். "அப்ப தாண்டிட்டோம்னு எப்படித் தெரியும்?" என்றாய். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பூகோளம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கோட்டைத் தாண்டினேன், உன் வீட்டுக்கு வந்தபோது. அந்த ஒரு முறையும் நீ முன்கூட்டியே சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்துவிட்டாய். நடக்கத் தெரிந்த என்னை உட்கார வைத்து, மடியில் கைப்பையையும் வைத்து, ஏதோ பக்கவாட்டுக் கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்சலுக்கு எல்லைக்கோடு தெரியுமா?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் விசாவுக்காக நீ எழுதி அனுப்பிய உறுதிமொழியைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் இருக்கும். வீட்டில் எனக்கு வேறு பேனா ஏது? "என் தாய் தனியாக வாழ இயலாதவர்" என்று எழுதியிருக்கிறாய். தவறு. "அன்றாட வேலைகளுக்குப் பிறரை நம்பியிருப்பவர்." ஆதாரம் எங்கே? "அவருக்கு வேறு எவரும் இல்லை." கீழ் வீட்டுத் தையல்காரர் படித்தால் வருத்தப்படுவார். பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன், அதுவும் கையெழுத்து அழகாக இருப்பதற்காக.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் நம் வீட்டுப் பழைய சட்டப்படி சண்டையைக் காகிதத்தில் போடுவோம். பதில் போடு.

உன் அம்மா
(ஓய்வு பெற்றவள். ஓய்ந்தவள் அல்ல.)

*

மார்ச் 17

அன்பு அம்மாவுக்கு,

நீ திருத்தின தாளைப் பார்த்துட்டு உன் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

ஆதாரம் கேட்டியே, இதோ. பல்பு மாத்தறேன்னு ஸ்டூல்ல ஏறி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டது யாரு? அதை எனக்குச் சொன்னது யாரு? தையல்காரர். நீ என்ன சொன்னே? "லேசா சுளுக்கு." மாவுக்கட்டு போட்ட சுளுக்கை நான் உன்கிட்டதான் கேள்விப்படறேன். நான் நர்ஸும்மா, எங்கிட்டயேவா?

போன வாரம் எங்க வார்டுக்கு ஒருத்தங்க வந்தாங்க. உன் வயசுதான். சமையலறைத் தரையில விழுந்து, எழுந்திருக்க முடியாம ரொம்ப நேரம் கிடந்திருக்காங்க. தபால்காரர் கதவைத் தட்டினதால உயிர் மிஞ்சிச்சு. நான் கட்டு மாத்தும்போது அவங்க சொன்னாங்க: "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோம்மா." அன்னைக்கு டூட்டி முடிஞ்சு வெளிய வந்ததும் உனக்கு போன் பண்ணேன். நீ எடுக்கலை. குளிச்சுட்டு இருந்தேன்னு அப்புறம் சாவகாசமா சொன்னே. நடுவுல நான் பஸ் ஸ்டாப்புல நின்னு என்ன ஆனேன்னு உனக்குத் தெரியாது.

இந்த நாட்டுல பெத்தவங்க நிரந்தரமா வந்து இருக்க ஒரே ஒரு விசாதான். அதுக்குப் பேரே "சார்ந்திருக்கும் பெற்றோர்". சார்ந்திருக்கேன்னு சொன்னாத்தான் கதவு திறக்கும். ஒரே ஒரு வார்த்தைம்மா. நீ வந்ததும் அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டுடலாம்.

நேர்காணலுக்குத் தேதி வந்திருக்கு. எனக்காகப் போ. கேட்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, பாடம் எடுக்காதே. ஸ்டூல்ல ஏற மாட்டேன்னு என் தலையில அடிச்சுப் பண்ணின சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்.

உன் வாலு

*

ஏப்ரல் 20

அன்புள்ள வாலுக்கு,

போனேன். உனக்காகத்தான் போனேன். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். தையல்காரர் முந்திக்கொள்வதற்கு வாய்ப்பில்லை, அவர் வரவில்லை.

விசா அலுவலகத்தில் தரையோடு முடுக்கிய நாற்காலிகள். டோக்கன் எண் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நகரத்தின் பெயர். உன் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. போன மாதக் கடைசியில் உங்கள் ஊரில் கோடைக்காலத்துக்காக முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள் அல்லவா, இவர்கள் தள்ளவில்லை. நீ போன நாளிலிருந்து உன் ஊர் நேரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டுத்தானே நான் போனைத் தொடுகிறேன்? என் கண்ணுக்கு அது படாமல் எப்படிப் போகும்?

வாசல் காவலரிடம் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கடிகாரம் தப்பா ஓடுது."

"ஏணிக்காரர் திங்கக்கிழமை வருவார்மா."

"அதுவரைக்கும் எல்லாரும் தப்பு நேரத்துலயே இருக்கணுமா?"

"அதை யாரும்மா பார்க்கறாங்க?"

"நான் பார்க்கறேனே."

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி. மகன் உன் ஊரில்தானாம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப எழுந்திருக்க மாட்டான், அப்புறம் பேசிக்கலாம்" என்று போனைப் பைக்குள் வைத்தாள். பையன் எழுந்து, வேலைக்கே கிளம்பியிருப்பான்! எனக்குப் பொறுக்கவில்லை. காவலர் தண்ணீர் குடிக்கப் போனார். அவருடைய ஸ்டூல் சும்மா இருந்தது.

ஏறினேன். முள்ளைத் திருப்பினேன். இறங்கினேன். சத்தியம் வீட்டு ஸ்டூலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்.

திரும்பிப் பார்த்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி நின்றுகொண்டிருக்கிறார். என் டோக்கனும் அவருக்குத்தான் விழுந்தது.

"உங்களை யார் கூட்டிட்டு வந்தாங்க?"

"பஸ்."

"உதவி இல்லாம நிக்க, நடக்க முடியுமா?"

"முடியும்."

"உயரத்துல ஏறி இறங்க?" அவர் உதட்டில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது.

"நீங்கதான் பார்த்தீங்களே."

"அப்புறம் எதுக்கும்மா இந்த விண்ணப்பம்?"

"என் பொண்ணு ரொம்ப நல்லவ. அதுக்குத்தான்."

கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னேன். பாடம் எடுக்கவில்லை.

உன் அம்மா

*

மே 6

அம்மா,

நிராகரிச்சுட்டாங்க. "விண்ணப்பதாரர் பிறர் உதவியின்றி வாழும் திறன் உடையவராகக் காணப்படுகிறார்." உனக்கும் தனியா ஒரு பிரதி வரும்.

கத்தப் போறதில்லை. ஒரே ஒரு கேள்வி. நீ அந்தக் கடிகாரத்துக்காக ஏறினியா, இல்ல எங்கிட்ட வரக் கூடாதுன்னு ஏறினியா?

வாலு

*

மே 26

அன்புள்ள வாலுக்கு,

நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில். ஏறும்போது கடிகாரத்துக்காகத்தான் ஏறினேன். இறங்கும்போது அவர் பார்ப்பது தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா, அம்மாடி" என்று நாலு முனகல் முனகியிருந்தால் விசா கிடைத்திருக்கும். முனகவில்லை. அதற்கு நான் முழுப் பொறுப்பு. வருத்தமும் இல்லை.

அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். "உதவியின்றி வாழும் திறன் உடையவர்." இத்தனை வருட சர்வீஸில் எந்தத் தலைமையாசிரியரும் எனக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் கொடுத்ததில்லை. பயப்படாதே, ஆணி அடித்தது தையல்காரர். "டீச்சர், இதை மாட்டறதுக்கு என்னை ஏத்தறீங்களே, இது நியாயமா?" என்று புலம்பிக்கொண்டே அடித்தார்.

வாலு, உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அதுதான் குறை. பின்பக்க அறை, மெத்தை, போர்வை, டிவி. அடுப்பில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாய்: "அம்மா, தொடாதே." சலவை மெஷினில் ஒரு சீட்டு. வாசல் கதவில், "அம்மா, திறக்காதே, அலாரம் அடிக்கும்." நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின் நான் அந்தச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிட் பாட்டிலுக்குத்தான் அப்படி ஒட்டிப் பார்த்திருக்கிறேன். உன் வார்டுக்கு வந்த அந்த அம்மாவைப் பற்றி நீ எழுதியதை நானும் இரண்டு முறை படித்தேன். ஆனால் யோசித்துப் பார். உன் வீட்டுப் பின்னறையில் நான் விழுந்தாலும் நீ வார்டில், மாப்பிள்ளை ஆபீஸில். தபால்காரர்கூட அங்கே கதவைத் தட்டுவதில்லை, பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அதனால் நானே வேறு கதவுகளைத் தேட ஆரம்பித்தேன். நெட் சென்டர்ப் பெண் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஓய்வு பெற்றவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடும் நாடுகள் இத்தனை இருக்கின்றன என்று பாடப் புத்தகத்தில் யாரும் போடவில்லையே!

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். விசா என்பது அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று நாம் சொல்லும் காரணம். சுற்றுலா விசாவில் போனால் விருந்தாளி. செருப்பைக் கழற்றும்போதே "எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். சிலர் தவணை முடியும்போதெல்லாம் எல்லை வரை போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வருகிறார்களாம். பூனை வாழ்க்கை. எனக்கு அது சரிப்படாது. இன்னொரு வகையில், அவர்கள் வங்கியில் பெருந்தொகையைப் போட்டு முடக்கி வைக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பணப்பையைத்தான் பார்க்கிறார். அங்கேயே வீடு வாங்கினால் விசா தருகிறோம் என்கிறவர்களும் உண்டு. முன்பின் பார்க்காமல் கழுத்தை நீட்டுவது போல. பிடிக்கவில்லை என்றால் வெளியே வருவது சுலபமா என்ன?

கடைசியாக ஒன்று கிடைத்தது. நல்ல வாடகைதாரர் மாதிரி. மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது என்பதற்குச் சான்று, உடல்நலக் காப்பீடு, காவல் நிலையத்தில் ஒரு நன்னடத்தைச் சான்று. வேலை பார்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். "பராமரிப்பவர் பெயர்" என்று ஒரு வரிகூட இல்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "இந்த வயசுல எதுக்கும்மா வெளிநாடு?" என்றார். "இந்த வயசுக்குத்தாங்க இந்த விசாவே" என்றேன். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

சின்னத் துறைமுக ஊர். நாளுக்கு இரண்டு முறை கடல் பின்வாங்கிப் படகுகளைச் சேற்றில் உட்கார வைத்துவிட்டுப் போகுமாம். ஓதம் என்றால் என்ன என்று வருடா வருடம் ஒரு வாளித் தண்ணீரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு நாடகம் போட்டவள் நான். இனிமேல் நேரில் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பழைய அட்லஸில் அடிக்கோல் வைத்து அளந்து பார்த்தேன். இங்கிருந்து நீ இருக்கும் தூரத்தில், அந்த ஊர் சரிபாதியில் இருக்கிறது. உன்னிடம் வரக் கூடாது என்று ஓடுகிறவள் உன் பக்கமாகவா ஓடுவாள்?

உன் அம்மா

*

ஜூலை 14

அம்மா,

விசா வந்துடுச்சுன்னு தையல்காரர் போன்ல சொன்னார். எல்லாச் செய்தியும் எனக்கு அவர் வழியாத்தான் வரணும்னு இருக்கு.

வழியனுப்ப நான் வரலை. வந்தா விமான நிலையத்துல உன் காலைப் பிடிச்சு இழுப்பேன். பெத்த பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அம்மா முன்பின் தெரியாத ஊர்ல தனியா இருக்கான்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? நாலு பேரை விடு. எனக்கு நானே என்ன சொல்லிக்கறது? அங்க நீ விழுந்தா, உன்னைத் தூக்கறவங்களுக்கு உன் பேர்கூடத் தெரியாது. அடிக்கோல் வெச்சு அளந்தியே, அதை அளந்தியா?

உன் மாப்பிள்ளை சொல்றார், "உங்க அம்மா உன்னை மாதிரியே பிடிவாதம்"னு. தலைகீழாச் சொல்றார். நான்தான் உன்னை மாதிரி.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன். குளியலறையில போடற விரிப்பு. வழுக்காது. ரப்பர் பக்கம் கீழ இருக்கணும். இதனால கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே.

பயணத்துக்குச் சக்கர நாற்காலி பதிவு பண்ணட்டுமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. வேற எதுவும் எழுத வேண்டாம்.

வாலு

*

ஜூலை 27

வேண்டாம்.

அம்மா

*

அக்டோபர் 12

அன்புள்ள வாலுக்கு,

வந்ததும் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பரவாயில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்வதும் நம் வீட்டுச் சண்டையில் ஒரு கட்டம்தான். அதற்குள் உன் ஆறாம் வகுப்புக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தாமதமாக நான் எந்த மாணவிக்கும் பதில் சொன்னதில்லை.

மஞ்சள்.

இந்த முறை நடந்தே போனேன். நீண்ட வரிசை, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், என் பெட்டியை நானே காலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டு. பாஸ்போர்ட் பார்க்கும் மேசைக்கு முன்னால் தரையில், அகலமான மஞ்சள் பட்டை. நடுவில் பெயிண்ட் தேய்ந்திருந்தது, அத்தனை பேர் மிதித்திருக்கிறார்கள். கூப்பிடும்வரை அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். நின்றேன். கூப்பிட்டார்கள். தாண்டினேன். தாண்டிவிட்டோம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாயே, திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது. பெட்டியை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தேன். பயம் என்று நினைக்காதே. சரி, பயமும்தான்.

மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு முடிதிருத்தும் கடை, அதற்குப் பின்னால் படகுகள். சொன்னபடியே கடல் போகிறது, வருகிறது. நான் வாளியில் செய்து காட்டியதைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்கிறது. உன் விரிப்பு குளியலறையில் இருக்கிறது, ரப்பர் பக்கம் கீழே. பல்பு மாற்ற வீட்டுக்காரர் ஆள் அனுப்புகிறார். ஸ்டூலை வராந்தாவில் வைத்து மேலே பூச்செடியை ஏற்றிவிட்டேன்.

நீ அளக்கச் சொன்னதையும் அளந்தேன். முடிதிருத்துபவர் என் வயதுக்காரர், அவரும் தனி ஆள். எனக்கு அவர் மொழியில் நாலு வார்த்தை தெரியும், அவருக்கு என் மொழியில் ஒன்று தெரியும், அது என் பெயர். கையாலும் காலாலும் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம். காலையில் நான் ஜன்னலைத் திறக்க வேண்டும், அவர் கடைக் கதவைத் தூக்க வேண்டும். என் ஜன்னல் திறக்கவில்லை என்றால் அவர் மாடிக்கு வந்து தட்டுவார். அவர் கதவு மூடியிருந்தால் நான் இறங்கிப் போய்த் தட்டுவேன்.

போன வாரம் ஒரு நாள் அவர் கடைக் கதவு திறக்கவில்லை. வாலு, அப்போதுதான் நீ பஸ் ஸ்டாப்பில் நின்றது எனக்குப் புரிந்தது. படியில் இறங்கின அந்தக் கொஞ்ச நேரத்தில் நானும் என்னென்னவோ ஆனேன். தட்டு தட்டு என்று தட்டினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தார், காய்ச்சல். மருந்துக் கடைக்காரரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கடை திறந்ததும் ஜன்னலைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார், குத்துச் சண்டையில் ஜெயித்தவர் மாதிரி.

இப்போது சொல், அந்த உறுதிமொழியை நீ மறுபடி எழுதினால் யாரை யார் சார்ந்திருப்பதாக எழுதுவாய்? இப்படிச் சார்ந்திருப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒருபக்கமாக மட்டும் சார்ந்திருக்கக் கூடாது என்றுதான் அன்று ஸ்டூலிலிருந்து இறங்கும்போது நான் முனகவில்லை.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இங்கே குடியிருப்பவர் தன் உறவினரை அழைக்கும் படிவம். "வருபவர் தங்கியிருக்கும்வரை அவருக்கு நானே பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே கையெழுத்துப் போட்டது நான். பொறுப்பில் வருவது நீ. ஒரு வார்த்தைதானேம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள். வந்து இறங்கியதும் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடலாம்.

மாப்பிள்ளைக்கும் ஒரு படிவம் இருக்கிறது. அடுப்பில் உனக்காக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "வாலு, தொடு."

கோபத்தோடே வா. இங்கே அதற்கும் இடம் இருக்கிறது.

உன் அம்மா

பி.கு.: விமானத்தில் வருகைச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அதில் "தங்கும் இடம்" என்று ஒரு வரி வரும். தெரு, கதவு எண் எல்லாம் அப்புறம் இருக்கட்டும். இப்போதே ஒரு காகிதத்தை எடுத்து, அந்த வரிக்கு நேராக "அம்மா வீடு" என்று எழுதிப் பார்.